பழைய இரும்பு இறக்குமதி: ஃபர்னஸ் வாசலில் தொடங்கி துறைமுகம் வரை

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வட்டாரத்தில் யார்டு வைத்து உள்ளூர் ஸ்கிராப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வெளிநாட்டுச் சரக்கில் இறங்க நினைத்தால், அவர்களுக்காக எழுதியது இது. காயலான் கடையிலிருந்து வளர்ந்து வந்தவர்களும் உண்டு, வேறு தொழிலில் சேர்த்த பணத்தை இதில் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். வாட்ஸ்அப்பில் ஒரு விலை வருகிறது. உள்ளூர் விலையைவிட டன்னுக்கு மூவாயிரம் குறைவாகத் தெரிகிறது. உடனே முன்பணம் போய்விடுகிறது. யார் வாங்குவார், என்ன அனுமதி வேண்டும், வரிக்குப் பணம் எங்கே என்பதையெல்லாம் கப்பல் கிளம்பிய பிறகு யோசிக்கிறார்கள்.

நான் சொல்லும் வரிசை தலைகீழானது. இரும்பு உருகும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து, கடைசியில்தான் விற்பவரிடம் போய்ச் சேரவேண்டும்.

1. ஃபர்னஸ்காரரிடம் முதலில் உட்காருங்கள்

இந்தப் பக்கத்து ஆலைகள் பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஃபர்னஸில், அதாவது மின்சார உலையில், உருக்கி, கம்பி உருட்டுவதற்கான பில்லட் கட்டை ஊற்றுகிறவை. அந்த ஃபர்னஸ் நன்றாக உருக்கும், ஆனால் சுத்தப்படுத்தும் வேலை அதற்குக் குறைவு. பாஸ்பரஸ், கந்தகம், செம்பு உள்ளே போனால் கம்பியிலும் அப்படியே வந்து நிற்கும். ஆலையின் பர்ச்சேஸ் ஆள் விலை பேசும் முன் "எந்த ஊர் சரக்கு, என்ன கலந்திருக்கு?" என்று துருவுவது இதனால்தான்.

அவரிடம் முதலில் நீளத்தைக் கேளுங்கள். ஃபர்னஸ் வாயைவிட நீளமான துண்டு குறுக்கே மாட்டிக்கொண்டால் மேலே போடும் சரக்கு கீழே இறங்காது. அடியில் உருகியது மட்டும் சூடேறிக்கொண்டே போய் உலையின் உட்பூச்சான லைனிங்கைத் தின்னும். மெல்ட்டிங் ஷாப்பில் எல்லோரும் பயப்படுகிற நிலைமை அது. நீளச் சரக்கைக் கேஸ் கட்டிங் வைத்து வெட்டவேண்டும் என்றால் அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது சேதாரம். துரு, மண், பெயின்ட், எண்ணெய் எல்லாம் கசடாகவும் புகையாகவும் போய்விடும். நூறு கிலோ போட்டால் எத்தனை கிலோ திரவமாக வருகிறது என்பதுதான் ஆலைக்கு உண்மையான விலை. ஒரே விலைக்கு வரும் இரண்டு சரக்கில் ஆலை எதை எடுக்கும் என்பதை இதை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

பிறகு மூன்று விஷயங்களைப் பேசி, எழுதி வாங்குங்கள்: மண், தூசுக்காக (டஸ்ட்) எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள், யாருடைய எடைமேடை கடைசிப் பேச்சு, பணம் எத்தனை நாளில் வரும். வாயால் சொன்ன "பதினைந்து நாள்" நாற்பத்தைந்து ஆவது இங்கே சாதாரணம். உங்கள் வட்டிக் கணக்கு அந்த நாளில்தான் நிற்கிறது.

ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே எடுக்கும் இரும்பு) விலையையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆலை ஸ்கிராப்பையும் ஸ்பாஞ்சையும் கலந்துதான் போடுகிறது. பெல்லாரிப் பக்கத்து ஸ்பாஞ்ச் விலை இறங்கினால் ஸ்பாஞ்ச் அளவைக் கூட்டி ஸ்கிராப்பைக் குறைத்துவிடுவார்கள். உங்கள் கன்டெய்னர் அப்போது நடுக்கடலில் இருக்கும். புதியவர்கள் துருக்கி ஸ்கிராப் விலையையும் மும்பை நாவா ஷேவா துறைமுகத்து ஷ்ரெடட் (நொறுக்கிய ஸ்கிராப்) விலையையும் தினம் பார்க்கிறார்கள், பக்கத்து ஊர் ஸ்பாஞ்சைப் பார்ப்பதில்லை.

2. சரக்கின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

உலகச் சந்தையில் ஸ்கிராப் வாங்குவது விற்பது பெரும்பாலும் அமெரிக்காவின் ஸ்கிராப் தொழில் சங்கமான இஸ்ரி வகுத்த பெயர்களில்தான். சங்கம் 2024-ல் தன் பெயரை மாற்றிக்கொண்டது, சந்தையில் இன்னும் இஸ்ரி என்றுதான் வழங்குகிறது. உங்களுக்கு முதலில் தேவைப்படுபவை சிலதான்.

எச்எம்எஸ் (ஹெவி மெல்ட்டிங் ஸ்கிராப்) 1 என்றால் கால் அங்குலமும் அதற்கு மேலும் தடிமன் உள்ள கனமான இரும்பு. எச்எம்எஸ் 2-ல் தடிமன் எட்டில் ஒரு அங்குலத்துக்கு இறங்கும், துத்தநாகம் பூசியதும் வரும். 80:20 என்பது இந்த இரண்டின் கலவை. ஷ்ரெடட் 211 என்பது கார், வீட்டுச் சாமான் போன்றவற்றை இயந்திரத்தில் நொறுக்கி, காந்தத்தில் பிரித்தது. அளவு ஒரே மாதிரி இருக்கும், மண் குறைவு, விலை கூடுதல். புஷ்லிங் என்பது தொழிற்சாலையில் மிஞ்சும் புதுத் தகட்டுத் துண்டு. டர்னிங், போரிங் எல்லாம் லேத் பட்டறைச் சுருள். அதில் எண்ணெயும் ஈரமும் இருக்கும், சேதாரம் அதிகம்.

முதல் சரக்குக்கு ஷ்ரெடட் எடுங்கள் என்பேன். லாபம் குறைவுதான். ஆனால் தகராறும் குறைவு, இறக்குமதி விதிகளிலும் அதற்குத் தொல்லை குறைவு. 80:20-ல் அந்த 20 எப்போது 40 ஆகிறது என்பது கன்டெய்னர் கதவைத் திறந்த பிறகுதான் தெரியும்.

சுங்கத்தில் இரும்பு ஸ்கிராப் 7204 என்ற தலைப்பில் வருகிறது. வார்ப்பிரும்புக்கு 7204 10, ஸ்டெயின்லெஸுக்கு 7204 21, டர்னிங் வகைக்கு 7204 41, மற்ற எச்எம்எஸ், ஷ்ரெடட் வகையறாவுக்கு 7204 49. இன்வாய்ஸில் ஒன்று, கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ஒன்று, ஆய்வுச் சான்றில் இன்னொன்று என்று இருந்தால் சரக்கு நிற்கும். வெறுமனே "ஸ்டீல் ஸ்கிராப்" என்று எழுதி அனுப்பும் விற்பவரை முதல் மெயிலிலேயே திருத்துங்கள்.

3. ஆர்டருக்கு முன் கையில் இருக்கவேண்டிய பேப்பர்

வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டி தரும் இறக்குமதி எண்ணான ஐஇசி, ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணி எண்ணான ஏடி கோடு சுங்க இணையதளமான ஐஸ்கேட்டில் பதிவாகியிருப்பது, கஸ்டம்ஸ் புரோக்கருக்குக் கொடுத்த கேஒய்சி. இவை யாருக்கும் தெரிந்தவை, சீக்கிரம் முடிபவை.

மறந்துபோவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பேப்பர். 2016-ல் வந்த அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின்படி, இரும்பு ஸ்கிராப்பை உருக்கும் ஆலைக்காக வாங்கித் தரும் வியாபாரி மாநில வாரியத்தில் ஒருமுறை அங்கீகாரம் எடுக்கவேண்டும். படிவம் 7 என்று கேட்டால் வாரிய அலுவலகத்தில் புரியும். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு இதற்கு அலைந்தால் கன்டெய்னர் வாடகை உங்கள் லாபத்தைத் தின்றுவிடும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். வீடு ஆரம்பாக்கத்தில், யார்டு தடாவில், அலுவலகம் சென்னையில் என்று இருப்பது இங்கே சகஜம். எந்த முகவரியில் இறக்குமதி செய்கிறீர்களோ அந்த மாநிலத்து வாரியம், அந்த மாநிலத்து ஜிஎஸ்டி எண். யார்டு ஆந்திராவில் இருந்தால் அங்கே தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும், யார்டு நடத்த அங்குள்ள வாரியத்தின் இசைவும் வேண்டும். ஐஇசியில் இரண்டு முகவரியையும் சேர்த்துவிடுங்கள். சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் எந்த ஜிஎஸ்டி எண் போகிறதோ அந்த மாநிலக் கணக்கில்தான், இறக்குமதியில் கட்டிய ஐஜிஎஸ்டி பின்னால் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக விழும். தமிழ்நாட்டு எண்ணில் விழுந்த கிரெடிட்டை ஆந்திரா எண்ணுக்கு வெறுமனே தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்கு பில் போட்டாகவேண்டும்.

4. கணக்குத் தாள்

விலை கேட்கும் முன் இந்தத் தாளைத் தயார் செய்துவிடுங்கள். விலை வந்ததும் ஒரு கட்டத்தை நிரப்பினால் பதில் தெரியவேண்டும். கீழே உள்ள எண்கள் முறையைக் காட்டத்தான், இன்றைய சந்தை விலை இல்லை.

சென்னைத் துறைமுகம் வரை கப்பல் கூலி சேர்த்து, அதாவது சிஎஃப்ஆர், டன்னுக்கு 350 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 29,750 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் 2.5 சதவீதத்திலிருந்து பூஜ்யமாக்கப்பட்டது. அது நிரந்தரச் சலுகை இல்லை, கெடு வைத்து நீட்டிக்கப்படுவது. 2024 ஜூலை பட்ஜெட் 2026 மார்ச் 31 வரை நீட்டியது, இன்றைய கெடு என்ன என்று புரோக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் போட்ட நாளின் வரி உங்களுக்குப் பொருந்தாது. பில் ஆஃப் என்ட்ரி போட்ட நாள், கப்பலுக்குச் சுங்கம் உள்வருகை அனுமதி தந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அந்த நாளின் வரிதான் பொருந்தும். கெடு முடிகிற மாதத்தையொட்டி வரும் சரக்குக்கு 2.5 சதவீதம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஐஜிஎஸ்டி 18 சதவீதம், டன்னுக்கு 5,355. கிரெடிட்டாகத் திரும்பும் பணம்தான், ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்டவேண்டும். 25 டன் கன்டெய்னருக்கு 1,33,875 ரூபாய், பத்து கன்டெய்னருக்கு 13 லட்சத்துக்கு மேல். சரக்குக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு இதற்கு வைக்காதவர்கள்தான் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

துறைமுகம், சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே சுங்கப் பொறுப்பில் உள்ள கன்டெய்னர் கிடங்கு), ஷிப்பிங் லைன், புரோக்கர், டிரெய்லர் வாடகை எல்லாம் சேர்த்து கன்டெய்னருக்கு 35,000 என்று வைத்தால் டன்னுக்கு 1,400. இதுவரை 31,150. முன்பணத்திலிருந்து ஆலைப் பணம் வரும்வரை சராசரி 75 நாள், வட்டி 12 சதவீதம் என்றால் இன்னும் 768. ஆக 31,918. டஸ்ட், ஈரம், எடைக் குறைவு என்று ஆலை வாசலில் 2 சதவீதம் கழிந்தால், 31,918-ஐ 0.98-ஆல் வகுக்கவேண்டும். 32,569 வரும். வாட்ஸ்அப்பில் 29,750 ஆகத் தெரிந்த இரும்பு ஆலை வாசலுக்கு இந்த விலையில்தான் வந்து சேர்கிறது. அந்த "மூவாயிரம் குறைவு" எங்கே போனது என்று இப்போது தெரியும்.

டாலர் ஒரு ரூபாய் ஏறினால் டன்னுக்கு 350 ரூபாய் போய்விடும். பணம் பிறகு அனுப்புவதாக இருந்தால் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு டாலர் விலையை முன்கூட்டியே கட்டிவையுங்கள். டாலர் இறங்கும் என்று ஜோசியம் பார்ப்பது இரும்பு வியாபாரம் ஆகாது.

5. விற்பவரைச் சோதியுங்கள்

இந்தத் தொழிலில் போலி விற்பவர்கள் உண்மையான விற்பவர்களைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுவார்கள். ஆர்50, ஆர்65 பழைய தண்டவாளம் மாதம் ஐம்பதாயிரம் டன், சந்தையைவிட நூறு டாலர் குறைவு என்று மெயில் வந்தால் படிக்காமல் அழித்துவிடுங்கள். பல வருடங்களாகச் சுற்றும் மோசடி அது. தண்டவாளத்துக்கு எல்லா நாட்டிலும் வாங்க ஆள் இருக்கிறது, யாரும் முன்பின் தெரியாதவரைத் தேடி வந்து மலிவாகத் தரமாட்டார்கள்.

உண்மையானவர்களிடமும் சில சோதனைகள் வேண்டும். அந்த நாட்டுக் கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, எத்தனை வருடமாக இருக்கிறது என்று பாருங்கள். முன்பு இந்தியாவுக்கு அனுப்பிய ஒரு பில் ஆஃப் லேடிங் எண்ணைக் கேட்டு, கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். யார்டை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்து அனுப்பும் வீடியோ எந்த யார்டிலும் எடுத்ததாக இருக்கலாம்.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புது எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று நடுவில் மெயில் வந்தால், பழைய எண்ணுக்குப் போன் செய்து குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு டாலர்கூட அனுப்பக்கூடாது. விற்பவர் நேர்மையானவராகவே இருப்பார், அவருடைய மெயிலுக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்.

எல்சி, அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக உங்கள் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. எல்சிக்கான யுசிபி 600 விதிப்படி வங்கி பார்ப்பது பேப்பரைத்தான், சரக்கை இல்லை. பேப்பர் சரியாக இருந்தால், உள்ளே கான்கிரீட் கட்டி இருந்தாலும் பணம் போகும். எல்சியில் கேட்கும் ஆவணப் பட்டியலில் ஆய்வுச் சான்றைச் சேர்த்தால்தான் எல்சிக்கு உயிர்.

6. ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், ஆனால் சில வரிகள் விடக்கூடாது. தரம் இஸ்ரி எண்ணோடு இருக்கவேண்டும். அதிகபட்ச நீள அகலம், இரும்பில்லாத பொருள் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது, அதற்கு மேல் போனால் எடையிலிருந்து எப்படிக் கழிப்பது என்பதையும் எழுதுங்கள். மூடிய சிலிண்டர், மூடிய குழாய், வெடிபொருள், கதிரியக்கப் பொருள் இருந்தால் முழுச் செலவும் விற்பவருக்கு.

எடைக் குறைவுக்கு ஒரு எல்லை வையுங்கள். அரை சதவீதம் வரை இருவரும் பேசக்கூடாது, அதற்கு மேல் விற்பவர் தரவேண்டும் என்பது பலரும் ஒத்துக்கொள்ளும் வழக்கம். புகார் சொல்ல எத்தனை நாள், அது எந்த நாளிலிருந்து என்பதையும் எழுதுங்கள். "சரக்கு வந்த நாள்" என்று எழுதினால் துறைமுகத்திலேயே நாள் கழிந்துவிடும். "கன்டெய்னர் திறந்த நாள்" என்று எழுதுங்கள்.

அப்புறம் ஃப்ரீ டேஸ். கன்டெய்னரைக் காலி செய்து திருப்பித் தர கப்பல் கம்பெனி தரும் இலவச நாட்கள் இவை. 14 நாள் கேளுங்கள். விற்பவர்தான் கப்பலை புக் செய்கிறார், அதனால் அவர்தான் வாங்கித் தரமுடியும். சரக்கு ஏறிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அது பில் ஆஃப் லேடிங்கிலேயே அச்சாகி வரவேண்டும்.

சிஎஃப்ஆர் விலையில் இன்சூரன்ஸ் கிடையாது. அதை நீங்கள் எடுக்கவேண்டும், கப்பல் கிளம்பும் முன் எடுக்கவேண்டும்.

7. சரக்கு ஏறும் நாள்

ஷ்ரெட் செய்யாத லூஸ் சரக்குக்கும் அழுத்திப் பேல் கட்டிய சரக்குக்கும் பிஎஸ்ஐசி என்கிற ஏற்றுமுன் ஆய்வுச் சான்று வேண்டும். அதை டிஜிஎஃப்டி அங்கீகரித்த ஆய்வு நிறுவனங்கள் மட்டுமே தரலாம். பட்டியல் நடைமுறைக் கையேட்டின் இணைப்பு 2ஜி-யில் இருக்கிறது. சில நாட்டுச் சரக்குக்குத் தளர்வும், துறைமுகங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டும் மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் டிஜிஎஃப்டி தளத்தைப் பார்த்துவிடுங்கள். சரக்கு ஏறிய பிறகு இந்தச் சான்றை வாங்க வழியில்லை. கதவை மூடி சீல் வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சான்று தரமுடியாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2004-ல் காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் வெளிநாட்டு ஸ்கிராப்போடு வந்த குண்டுகள் வெடித்து ஆலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010-ல் டெல்லி மாயாபுரி ஸ்கிராப் சந்தையில் கோபால்ட்-60 வெளியாகி ஒருவர் இறந்தார். அது உள்ளூர் சரக்கு. ஆனாலும் கதிரியக்கச் சோதனையைச் சடங்காக நினைப்பவர்களிடம் நான் சொல்வது அந்தச் சம்பவத்தைத்தான்.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் காலி, பாதி, முழு, கதவு மூடியது, சீல் எண் என்று ஐந்து போட்டோ கேளுங்கள். பாதி ஏறிய போட்டோதான் முக்கியம். வாசல் பக்கம் நல்ல சரக்கும் உள்ளே குப்பையும் ஏற்றுவது பழைய வித்தை.

2016 ஜூலையிலிருந்து கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் விஜிஎம் என்கிற சரிபார்த்த எடை கொடுத்தாகவேண்டும். அந்தச் சீட்டின் நகலை வாங்கி, கன்டெய்னரின் காலி எடையைக் கழித்து, இன்வாய்ஸ் எடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டவில்லை என்றால் மிச்சப் பணம் போகும் முன்பே கேட்டுவிடலாம்.

ஐரோப்பாவிலிருந்து வாங்க நினைப்பவர்கள் 2027 மே மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவு அனுப்பும் விதிப்படி, அதன் பிறகு வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யில் இல்லாத (இந்தியா போன்ற) நாடுகளில் அவர்கள் பட்டியலில் இடம்பெற்றவற்றுக்குத்தான் ஸ்கிராப் அனுப்பலாம்.

8. கப்பல் வரும்வரை

வளைகுடாச் சரக்கு சீக்கிரம் வந்துவிடும், அமெரிக்கக் கிழக்குக் கரைச் சரக்கு மாதக் கணக்கில் வரும். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் பேப்பர் பார்க்கக்கூடாது. வளைகுடாச் சரக்கில் கப்பல் வந்து நிற்கும், ஒரிஜினல் பேப்பர் கூரியரில் இருக்கும்.

பில் ஆஃப் என்ட்ரியை சரக்கு வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட்டுவிடவேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளுக்கு 10,000. ஸ்டீல் இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவான சிம்ஸ் உங்கள் எண்ணுக்குத் தேவையா என்று புரோக்கரிடம் கேட்டு, அதையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

ஐஜிஎஸ்டிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, ஹை சீ சேல். சரக்கு கடலில் இருக்கும்போதே, பில் ஆஃப் என்ட்ரி போடும் முன், ஒப்பந்தம் எழுதி, பில் ஆஃப் லேடிங்கை மேலொப்பமிட்டு ஆலைக்கு விற்றுவிடுவது. அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. பில் ஆஃப் என்ட்ரியும் வரியும் ஆலையின் பெயரில். சுங்கம் உங்கள் விற்பனை விலையைத்தான் மதிப்பாக எடுக்கும். குறை என்னவென்றால், உங்கள் விற்பவர் யார் என்பது ஆலைக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவர்களே நேரடியாக வாங்கிவிடலாம். முதல் இரண்டு மூன்று சரக்குக்கு இப்படிச் செய்து பணத்தைக் காப்பாற்றிக்கொள்வது தப்பில்லை. அதையே தொழிலாக நம்பியிருந்தால் நீங்கள் வெறும் தரகர், தரகு எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

9. துறைமுகத்தில்

நம் பக்கத்துக்குச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் கைக்கெட்டும் தூரம். மீஞ்சூர் வழியாக வருவதா மணலி வழியாக வருவதா என்பதில் டிரெய்லர் வாடகையும் நேரமும் மாறும். சிஎஃப்எஸ் எது என்பதை ஷிப்பிங் லைன் முடிவு செய்யும் முன் உங்கள் புரோக்கர் மூலம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான இடத்துக்குப் போய்விடும்.

சுங்க ஆய்வின்போது உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்கவேண்டும். முதல் கன்டெய்னர் திறக்கும்போதே போட்டோ, வீடியோ எடுக்கவேண்டும், சீல் எண் தெரியும்படி. பின்னால் விற்பவரிடம் சண்டை போட இதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

10. லாரியும் எல்லையும்

துறைமுகத்திலிருந்து சிஎஃப்எஸ் வரை சுங்கக் காவலில் போவதால் ஜிஎஸ்டியின் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான ஈவே பில் தேவையில்லை. சிஎஃப்எஸ்ஸிலிருந்து வெளியே வந்ததும் வேண்டும், பில் ஆஃப் என்ட்ரி எண்ணைப் போட்டு எடுக்கவேண்டும். அதன் பாகம் பி-யில் லாரி எண் இல்லாமல் கிளப்பாதீர்கள். வழியில் லாரி பழுதாகி மாற்றினால் அங்கேயே எண்ணை மாற்றிவிட்டு நகரவேண்டும். ஆரம்பாக்கம் தாண்டித் தடா போவது பத்து நிமிடப் பயணமாக இருக்கலாம், ஆனால் அது மாநிலம் விட்டு மாநிலம். எளாவூர் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் "பக்கத்துல தான் சார்" என்ற பதில் எடுபடாது.

எடையை உங்கள் நம்பிக்கையான பொது எடைமேடையில் ஒருமுறை போடுங்கள், கன்டெய்னரோடும் காலியாகவும். கதவில் அச்சடித்த காலி எடையை நம்பிக் கழிக்கவேண்டாம். அடிபட்டு, பற்றவைத்து, தரை மாற்றிய கன்டெய்னர்தான் ஸ்கிராப்புக்கு வரும். ஆலை எடைமேடையில் குறைந்தால் பேச, கையில் இன்னொரு சீட்டு இருக்கவேண்டும்.

11. இறக்குவது

கிராப்பர் வண்டி வைத்து வாசல் வழியாக இழுத்து இறக்கும்போது கன்டெய்னர் தரையும் சுவரும் கிழியும். காலி கன்டெய்னரைத் திருப்பித் தரும்போது லைன் ரிப்பேர் பில் போடும். கதவு திறக்கும் முன்பே உள்ள சேதத்தைப் போட்டோ எடுத்துவைத்தால் பாதி பில் குறையும்.

இறக்கும் இடத்தில் சரக்கைப் பரப்பிப் பார்க்காமல் ஆலைக்கு அனுப்பக்கூடாது. மூடிய சிலிண்டர், ஷாக் அப்சார்பர், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், இரண்டு பக்கமும் நசுங்கிய குழாய் எல்லாம் தனியே போகவேண்டும். உள்ளே தண்ணீரோ காற்றோ அடைபட்டிருந்தால் ஃபர்னஸில் விழுந்ததும் வெடிக்கும், உருகிய இரும்பு மேலே இருக்கும் ஆள்மீது தெறிக்கும். இங்கே இறக்கும் கூலி ஆட்கள் பலர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். தமிழிலோ தெலுங்கிலோ ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனால் போதாது. அந்தப் பொருட்களின் படத்தைப் பெரிதாக அச்சடித்து யார்டில் மாட்டுங்கள். குண்டு மாதிரி எது கிடந்தாலும் தொடாமல், நகர்த்தாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். லோடு நிற்கிறதே என்று ஓரமாக உருட்டிவிடுவதுதான் ஆளைக் கொல்லும்.

12. பில்லும் பணமும்

கும்மிடிப்பூண்டி யார்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைக்கு என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. தடாவுக்கோ சூலூர்பேட்டைக்கோ என்றால் ஐஜிஎஸ்டி. இறக்குமதியில் கட்டிய ஐஜிஎஸ்டி கிரெடிட்டை இரண்டுக்கும் பயன்படுத்தலாம்.

2024 அக்டோபர் 10 முதல் உலோக ஸ்கிராப்புக்கு இரண்டு புது விதிகள். பதிவில்லாதவரிடம், அதாவது தெருவில் சேகரித்துக் கொண்டுவருபவரிடம் நீங்கள் வாங்கினால், ஜிஎஸ்டியை நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் கட்டவேண்டும். உள்ளூர் சரக்கையும் கலந்து விற்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இரண்டாவது, பதிவுள்ள ஆலை உங்களிடம் வாங்கும்போது, ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தரும்.

இந்த 2 சதவீதத்தைப் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். டன் 33,000-க்கு விற்றால் பிடித்தம் 660 ரூபாய். மேலே போட்ட கணக்கில் உங்கள் லாபமே 431 ரூபாய்தான். லாபத்தைவிட அதிகமான பணம் ஜிஎஸ்டி ரொக்கக் கணக்கில் போய் உட்காருகிறது. இறக்குமதி செய்பவருக்குக் கையில் ஏற்கெனவே ஐஜிஎஸ்டி கிரெடிட் நிறைய இருப்பதால், அந்த ரொக்கத்தைச் செலவழிக்க வரி பாக்கியே இருக்காது. ஒன்று, உள்ளூர் கொள்முதலின் ரிவர்ஸ் சார்ஜைக் கட்ட அதைப் பயன்படுத்தலாம். அதை ரொக்கமாகத்தான் கட்டவேண்டும் என்பதால் பொருந்தி வரும். இல்லையென்றால் ரீஃபண்டுக்கு மாதாமாதம் விண்ணப்பிக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்னால், ஆலை டிடிஎஸ் ரிட்டர்ன் போட்டதா, உங்கள் கணக்கில் அது தெரிகிறதா, நீங்கள் ஏற்றுக்கொள்ளும் பட்டனை அழுத்தினீர்களா என்று பார்க்கவேண்டும். அழுத்தாவிட்டால் பணம் ரொக்கக் கணக்குக்கு வராது.

வருமான வரியில் ஸ்கிராப்புக்கு, விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் டிசிஎஸ் தனியாக இருக்கிறது. உருக்குவதற்காக வாங்கும் ஆலை உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வசூலிக்க வேண்டியதில்லை. அந்தப் படிவத்தை முதல் பில்லுக்கு முன்பே வாங்கி, நகலை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். வங்கிக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கும். முன்பணம் அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டிக் கணக்கை முடிக்கவேண்டும். முடிக்காமல் விட்டால் அடுத்த சரக்குக்குப் பணம் அனுப்பப் போகும்போது வங்கி மேனேஜர் பழைய பட்டியலை எடுத்து மேஜைமேல் வைப்பார்.